நன்கு அறியப்பட்ட ஒரு துணைத்தேற்றம்

கணிதத்தில் என் பெயரால் ஒரு துணைத்தேற்றம் வழங்குகிறது. அது என்னுடையது அல்ல.

ஒரு பெரிய தேற்றத்தை நிரூபிக்கப் போகும் வழியில், முதலில் நிறுவிக்கொள்ள வேண்டிய சிறிய உண்மையைத் துணைத்தேற்றம் என்போம். என்னுடைய பெரிய தேற்றம் ஒருவகைச் சமன்பாடுகளுக்கு எத்தனை முழு எண் தீர்வுகள் இருக்க முடியும் என்பதைப் பற்றியது. நாற்பத்தாறு பக்கம். அதில் நாற்பத்துமூன்று பக்கத்தை என்னைப் போல இன்னும் பத்துப் பேர் எழுதியிருக்க முடியும். மீதி மூன்று பக்கம்தான் அந்தத் துணைத்தேற்றம். அது இல்லாவிட்டால் மற்றது நிற்காது. விருது வந்தபோது, கௌரவப் பட்டங்கள் வந்தபோது, அயல்நாட்டு மாநாட்டில் பேச அழைத்தபோது, எல்லோரும் சொன்னது அந்த மூன்று பக்கத்தைத்தான்.

அதைக் கண்டுபிடித்தவர் கும்மிடிப்பூண்டிக்காரர். என்னிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்துநான்கு வயது. தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் அவருடைய அப்பா உலைக்குப் பக்கத்தில் வேலை செய்தார். அதற்கு முன் அந்தக் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. மாணவர் கணக்குப் போடும் தாள்களெல்லாம் ஆலையில் கழித்துப்போட்ட ஷிப்ட் அறிக்கைகள். முன்பக்கத்தில் எத்தனை கட்டு, எந்தத் தடிமன் என்று அச்சடித்த கட்டங்கள் இருக்கும். பின்பக்கத்தில் இவருடைய சமன்பாடுகள் இருக்கும்.

நான் திருவள்ளூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னை போய்வந்தேன். அவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து. இரண்டு பாதையும் பேசின் பிரிட்ஜில் சேர்கின்றன. ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்கு எப்போதும் கூட்டங்கள், கமிட்டிகள், வெளியூரிலிருந்து வந்த விருந்தினர்கள். ஆகவே அவசரமாக எதையாவது காட்ட வேண்டுமென்றால் அவர் காலையில் பேசின் பிரிட்ஜில் இறங்கி எனக்காக நிற்பார். நானும் இறங்குவேன். அடுத்த ரயில் வரும்வரை பேசுவோம். ஒரு மாணவனுக்கு நான் ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான்.

அன்று அவர் எட்டுத் தாள்களோடு நின்றிருந்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம்.

"சார், இத்த கொஞ்சம் பாருங்க சார். ரெண்டு விதமா எண்ணிப் பார்த்தேன். ரெண்டும் ஒன்னாதான வரணும்? அத்த வச்சி ஒரு எல்லை கெடைக்குது சார்."

நின்றபடியே புரட்டினேன். தவறு எதுவும் கண்ணில் படவில்லை. அழகாக இருந்தது. முன்பு எங்கும் பார்த்ததாக நினைவும் இல்லை. அங்கேதான் எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு ஒன்றைச் செய்தேன். கணிதத்தில் சில முடிவுகளை யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள், ஆனால் துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும். தேநீர் மேசையில் வாய்வழியாகப் போய்க்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதை ஒரு பேராசிரியர் தெரியாது என்று சொல்லிவிட்டால், அவர் அந்த மேசையில் உட்கார்ந்தவர் இல்லை என்று ஆகிவிடும். நீதிமன்றக் குமாஸ்தாவின் மகனான நான் அந்த மேசைக்கு வந்துசேரவே இருபது வருடம் ஆகியிருந்தது. மாணவன் முன்னால்கூட அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"நல்லா எழுதியிருக்கேப்பா. ஆனா இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றேன்.

"எந்த புஸ்தகத்துல சார் கீது?"

"புஸ்தகத்துல இருக்காது. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நீ இன்னும் நெறைய படிக்கணும்."

ரயில் வந்துவிட்டது. தாள்களை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் அடுத்த பெட்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம்தான் இருந்தார். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. கேட்டால், "படிச்சிக்கினு இருக்கேன் சார்" என்பார். ஒருநாள் அப்பாவுக்கு உலையருகே கை வெந்துவிட்டது என்று சொல்லி விடுப்பு எடுத்தார். அந்த ஆலையிலேயே அவருக்குத் தரம் பார்க்கும் பிரிவில் வேலை கொடுத்தார்கள். படிப்பை விட்டுவிட்டார். நான் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. எல்லா ஆராய்ச்சி மாணவர்களும் முடிப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. நான் எதிர்பார்த்திருந்த விருதுக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. என் தேற்றம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையைக் காலி செய்தபோது அந்த எட்டுத் தாள்கள் கிடைத்தன. தடை இருந்த இடத்தில் அவை அப்படியே பொருந்தின.

கட்டுரையில் பயன்படுத்த வேண்டுமென்றால் மேற்கோள் காட்ட வேண்டும். மூன்று வாரம் நூலகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. வெளிநாட்டில் இருந்த இரண்டு நிபுணர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒருவர், பார்த்ததே இல்லை என்று பதில் போட்டார். மற்றவர், மிக நேர்த்தியாக இருக்கிறது, யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். அவருக்கு நான் பதில் எழுதவில்லை.

இந்த இடத்தைச் சுற்றிவளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அது புதியது என்று எனக்கு அப்போது தெரியும். கும்மிடிப்பூண்டிக்கு ஒரு தபால் அட்டை போட்டிருந்தால் அவர் மறுநாள் வந்து நின்றிருப்பார். இரண்டு பெயர் போட்டுக் கட்டுரை வந்திருக்கும். கணிதத்தில் பெயர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம். அவர் பெயர் முதலில் வரும். விருதுக் கமிட்டி யார் பங்கு எவ்வளவு என்று கேட்கும். இவ்வளவையும் நான் யோசித்தேன். பிறகு எழுதினேன்: "பின்வரும் துணைத்தேற்றம் நன்கு அறியப்பட்டது. முழுமைக்காக நிரூபணத்தைத் தருகிறோம்." அதன் கீழே அவருடைய நிரூபணம், வரிக்கு வரி.

அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. தமக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டதோ என்று எல்லோருக்கும் உள்ளூரப் பயம். என் கட்டுரையைப் பரிசீலித்தவர்களுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். இரண்டு வருடத்தில் மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை என் பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். நான் மறுக்கவில்லை. டெல்லியில் விருது கொடுத்துச் சால்வை போர்த்தினார்கள். பாராட்டுரையில் அந்தத் துணைத்தேற்றத்தை 'வியப்பூட்டும் எளிமை' என்று வாசித்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முப்பது வருடம் அப்படியே போனது. போன வருடம் வெளிநாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பினாள். இந்தத் துணைத்தேற்றத்தின் வரலாற்றை எழுதுகிறாளாம். "நன்கு அறியப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு முன் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. யாரிடமிருந்து அறிந்தீர்கள்?" இத்தனை காலத்தில் முதன்முறையாக ஒருவர் அதைக் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நான்கு நாள் கழித்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன்.

ஆலைகளுக்குப் பின்னால் உள்ள காலனியில் அவர் வீடு. ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் 'கணக்கு' என்று சொன்னால்தான் அவரை அடையாளம் தெரிகிறது. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"யாரு சார் வேணும்?"

சொன்னேன். உள்ளே திரும்பிக் கத்தினார்: "இந்தா, உன் வாத்தியார் வந்துகிறாரு! தெனம் சொல்லுவியே, அவுரு!"

தினம் என்ன சொல்லுவார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அவர் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு கும்பிட்டார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவி, "நாஷ்டா ஆச்சா சார்? இட்லி கீது" என்றார். வேண்டாம் என்றேன்.

"வாத்தியாரு ஊட்ட தேடிக்கினு வர்றாருன்னா சும்மா வருவாரா? எதுனா கணக்கு தப்பாயிருக்கும்" என்று மனைவியே கேலியாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். பேசின் பிரிட்ஜில் காட்டினாயே, அது யாருக்கும் தெரிந்தது இல்லை, நீதான் முதலில் கண்டவன் என்றேன்.

அவர் சிரித்தார். "இன்னா சார் சொல்றீங்க? உங்க பேப்பர்லயே போட்டிருந்தீங்களே, வெல் நோன், எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு. நான் லைப்ரரில போய்ப் பார்த்தேன் சார். அத்த பார்த்தப்புறம்தான், சரி, சார் சொன்னது கரெக்டுதான்னு உட்டுட்டேன்."

"அது பொய்."

சிரிப்பு நின்றது.

"தேடிக்கினே இருந்தேன் சார். எத்தினி வருசம்! லீவு நாள்ல பழைய புஸ்தகக் கடைக்குப் போவேன். அப்புறம் செல்போன் வந்துச்சு, அதுல தேடினேன், உங்க பேருதான் வருது, அதுக்கு முன்னாடி ஒன்னும் கெடைக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் எங்கன்னு தெரிலயே, அப்ப நம்மள்ளாம் இந்தப் படிப்புக்கு லாயக்கு இல்ல போலன்னு நெனச்சிக்கினேன். எங்க நைனா கேட்டாரு, ஏன்டா உட்டுட்டு வந்தன்னு. உன் கையி வெந்துபோச்சில்ல, அதான்னு சொன்னேன். சாவற வரைக்கும் அந்த மனுசன், தன்னாலதான் புள்ள படிப்பு போச்சுன்னு அழுதாரு."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"புதுசுன்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சது? அவார்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சமீபத்தில்தான் தெரிந்தது என்று சொல்லலாம் என ரயிலில் வரும்போதே நினைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"முன்னாடி" என்றேன்.

மனைவி வெளியே வந்தார். டீ டம்ளரை என் பக்கத்தில் வைத்தார். கேலி எல்லாம் போய்விட்டிருந்தது. "குடிங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

பத்திரிகையில் திருத்தம் வெளியிடுகிறேன், உன் பெயரைப் போடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"போடுங்க, போடாம போங்க. ரிட்டயர் ஆவப்போறேன், இனிமே பேர வச்சி இன்னா பண்றது? ஒன்னே ஒன்னு சார். 'புதுசுன்னு தெரிஞ்சே, எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு எழுதினேன்'னு நீங்க எழுதணும். அந்த ஒரு வரி இருக்கணும். நான் மக்கு இல்லன்னு எனக்கே ஒரு பேப்பர் வேணும் சார்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றே திருத்தத்தை எழுதினேன். அவர் கேட்ட வரியையும் எழுதினேன். மறுநாள் படித்துப் பார்த்தேன். எனக்கு எழுபத்துநான்கு வயது. என்னிடம் படித்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு, 'தவறுதலாக நன்கு அறியப்பட்டது எனக் குறிப்பிட்டுவிட்டேன்' என்று மாற்றினேன். துணைத்தேற்றம் அவருடையது என்று பெயருடன் எழுதினேன். அதுவே போதும் என்று நினைத்தேன்.

அரைப் பக்கத்தில் வெளியானது. பிறகு நடந்ததை எழுதவே கூசுகிறது. பாராட்டுகள் வந்தன. என்னுடன் வேலை பார்த்த ஒருவர் தொலைபேசியில், "இந்த வயசுல இப்படி ஒரு திருத்தம் போட எவ்வளவு பெரிய மனசு வேணும் சார்! எவனுக்கு வரும்?" என்றார். ஒரு பல்கலைக்கழகம் ஆராய்ச்சியில் நேர்மை பற்றிப் பேச அழைத்தது. போனேன். பேசினேன். இன்னொரு சால்வை போர்த்தினார்கள்.

இதழின் பிரதியை அவருக்கு அனுப்பியிருந்தேன். பத்து நாள் கழித்து அழைத்தார்.

"பார்த்தேன் சார். தவறுதலான்னு போட்டுகிறீங்க."

"ஆமாப்பா. எல்லாரும் புரிஞ்சுப்பாங்க..."

"முப்பது வருசமா தரம் பார்க்கிற வேலை சார் எனக்கு. கம்பி வளஞ்சிருந்தா வளஞ்சிருக்குன்னுதான் எழுதுவேன். தவறுதலா வளஞ்சிடுச்சின்னு எழுதினா மேனேஜர் செருப்பால அடிப்பாரு."

அவரே தொடர்ந்தார்.

"ஊட்டுக்காரி கேட்டா சார், இன்னா போட்டுகிறாருன்னு. தமிழ்ல சொன்னேன். அப்ப அந்தாளு இன்னும் பொய் சொல்றாரான்னு கேட்டா. வெச்சிடறேன் சார்."

மறுநாளே இதழுக்கு இரண்டாவது திருத்தம் அனுப்பினேன், அவர் கேட்ட வரியோடு. ஆசிரியர் மிகவும் மரியாதையாகப் பதில் எழுதினார். திருத்தம் ஏற்கெனவே வெளியாகிவிட்டது. கணித உள்ளடக்கத்தில் மாற்றம் எதுவும் இல்லை. தனிமனித நோக்கங்களை மட்டும் சொல்லும் குறிப்புகளை இதழ் வெளியிடுவதில்லை. இந்த வயதில் நான் என்னை இவ்வளவு வருத்திக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். முதல் திருத்தத்திலேயே அந்த வரி இருந்திருந்தால் வெளியிட்டிருப்பார்களா என்று கேட்டு எழுதினேன். அநேகமாக வெளியிட்டிருப்போம் என்று பதில் வந்தது.

ஆகவே அந்த வரியை இங்கே எழுதுகிறேன். அது புதியது என்று தெரிந்தே, நன்கு அறியப்பட்டது என்று எழுதினேன். முதல் திருத்தத்திலும் தெரிந்தே பொய் சொன்னேன்.

இதைப் பிரதி எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். ஆனால் இதில் அவர் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. பெயர்களைப் போட மூன்று முறை முயன்றேன், மூன்று முறையும் அடித்துவிட்டேன். கும்மிடிப்பூண்டியில் அவர் இதைப் படித்தால், வளைந்த கம்பியைப் போல இதையும் திருப்பி அனுப்புவார் என்று நினைக்கிறேன். அனுப்பினால் அது சரிதான்.