வடக்குச் சுவரின் மாவுக்கட்டு

கெர்லிண்ட் யானெக் எங்கள் ஊருக்கு வந்தால் முதல் வணக்கம் கோட்டைக் கோபுரத்துக்குத்தான். காரை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் நேரே போய், விரல் முட்டியால் கல்லைத் தட்டுவார். தலையைச் சாய்த்துக் கேட்பார். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொரு தட்டு. அதற்குப் பிறகுதான் வரிசையாக நிற்கும் எங்கள் கோட்டைச் சங்கத்துக்காரர்கள் பக்கம் திரும்புவார்.

"எங்க வீட்டுக்காரர் மண்டையையும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க, ஃப்ராவ் யானெக்" என்பாள் கிறிஸ்டல். சங்கத் தலைவர் லோத்தார் கிரிமின் மனைவி. "உள்ள என்னதான் இருக்குன்னு எனக்கும் தெரியணும்."

"வேண்டாம் கிறிஸ்டல். சில சத்தத்தைக் கேட்காம இருக்கிறது நல்லது."

தட்டிக் கேட்பதை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. அப்பா மான்ஸ்ஃபெல்ட் பக்கத்தில் செப்புச் சுரங்கத் தொழிலாளி. வேலை தொடங்கும் முன் தலைக்கு மேலிருக்கும் பாறையைக் கம்பியால் தட்டுவது அவர்கள் வழக்கம். கணீரென்றால் பாறை பிடிப்போடு இருக்கிறது. மொத்தென்றால் வெளியே ஓட வேண்டும். மகள் கட்டடக்கலை படித்து முடித்தபோது, "மேல இருக்கிறதை நம்பாதே, கேட்டுப் பார்" என்று மட்டும் சொன்னாராம்.

கிழக்கு ஜெர்மனியின் பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையில் அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கோட்டைகளை யாரும் கோட்டையாக நினைக்கவில்லை. ஒன்றில் உருளைக்கிழங்கு, ஒன்றில் டிராக்டர் டயர், ஒன்றில் கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். பிரபுக்களின் வீடு இடிந்தால் இடியட்டும் என்பது மேலிடத்து மனநிலை. கூரைக்குப் போட ஒரு சுருள் தார்த்தாள் கிடைக்காது. கூட்டுப்பண்ணைத் தலைவரிடம் போய் மாட்டுத் தொழுவத்துக்கு என்று கேட்டு வாங்கிவந்தார். "எந்தத் தொழுவம்னு கேட்டார். ரொம்பப் பழைய தொழுவம்னு சொன்னேன்" என்று இப்போதும் சிரிக்காமல் சொல்வார்.

மேற்கு ஜெர்மனியோடு எல்லை திறந்த வருஷம் கணவருக்கு மேற்கே ஹனோவரில் வேலை கிடைத்தது. வா என்றார். "சாரம் கட்டியிருக்கு, இப்ப எப்படி வர்றது?" என்றார் இவர். அடுத்த வருஷமும் கணவர் கேட்டார். அப்போது வேறொரு கோட்டையில் சாரம் கட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

யாருக்கும் பயப்படாத இந்த மனுஷிக்கு ஒரே ஒரு பொருளைக் கண்டால் முகம் மாறும். சிமெண்ட். எங்கள் மலை முழுக்க ஜிப்சம். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் அதைத்தான் சுட்டுப் பொடித்து, குழைத்து, கல்லுக்கு நடுவே வைத்தார்கள். அந்தக் கலவையோடு சிமெண்ட் சேர்ந்து, மழைநீரும் பட்டால், உள்ளே ஏதோ முளைக்கத் தொடங்கும். புளித்த மாவு போல மெல்ல மெல்ல உப்பும். வெளியிலிருந்து பார்க்கும்போது சுவர் முன்னைவிட உறுதியாகத் தெரியும். ஒருநாள் அதுவே தன்னைப் பிளந்துகொள்ளும். இளவயதில் அப்படி ஒரு கோபுரம் பிளந்ததை கெர்லிண்ட் எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார். எங்கள் சங்கத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்வார். லோத்தாருக்கும் சொன்னார். எத்தனை முறை என்று கிறிஸ்டலுக்குத்தான் தெரியும்.

எங்கள் லோஸ்டைன் கோபுரத்துக்குத் தலை இல்லை. இடி விழுந்து அதன் கூரை எரிந்ததைப் பார்த்தவர் ஊரில் யாரும் இன்று இல்லை. திறந்த வாய்க்குள் மழை பெய்துகொண்டே இருந்தது. அதற்கு ஒரு கூரை வரைந்து, ஒவ்வொரு அலுவலகத்தோடும் மல்லுக்கட்டி, கடைசியில் அந்த செப்டம்பரில் தச்சர் ஹில்மார் டேங்க்லரின் கையால் உத்தரங்கள் எல்லாம் தயாராகி முற்றத்தில் கிடந்தன. ஊரே பிசின் வாசம் அடித்தது. வெள்ளிக்கிழமை கிரேன் வந்து ஏற்றும். சனிக்கிழமை, கூரை ஏறியதைக் கொண்டாடும் விழா. தச்சர் வழக்கப்படி ஹில்மார் உச்சியில் நின்று செய்யுள் சொல்லி, ஒரே மடக்கில் கோப்பையைக் காலி செய்து கீழே வீசி உடைப்பார். பித்தளை வாத்தியக்குழு வாசிக்கும். பிள்ளைகள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் காட்ட வடக்குச் சுவரடியில் மேடையும் போட்டாயிற்று.

வியாழக்கிழமை மதியம் கெர்லிண்ட் கடைசியாகப் பார்க்க வந்தார்.

வடக்குச் சுவரில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதன் குறுக்கே அவர் மூன்று இடத்தில் ஜிப்சம் குழைத்துப் பட்டையாக ஒட்டி, தேதி கீறி வைத்திருந்தார். ஊரில் அதை மாவுக்கட்டு என்போம். சுவர் அசைந்தால் பட்டை முறியும். யாரும் தொடக் கூடாது. மே மாதம் அவர் பார்த்தபோது விரிசலில் ஒரு தாள் நுழையும், அவ்வளவுதான்.

மேல் பட்டை முழுசாக இருந்தது. நடுப்பட்டையும். கீழ்ப்பட்டையும் முழுசுதான். ஆனால் அதன் முன்னால் அவர் நின்றுவிட்டார். புறங்கையை அதன்மேல் வைத்தார். எடுத்து மேல் பட்டையில் வைத்தார். மறுபடி கீழே.

"சில்லுன்னு இருக்கு" என்றார்.

காய்ந்த ஜிப்சம் சில்லிடாது. சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து நெம்பினார். உள்ளே ஈரம். விரிசலில் கட்டைவிரலை விட்டார். போயிற்று.

"யார் தொட்டது இதை?"

வாத்தியக்குழுவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். லோத்தார் மேடையின் ஆணியைச் சரிபார்க்கக் குனிந்திருந்தார்.

ஹில்மார் அருகில் வந்து விரிசலைப் பார்த்தார். "நிறுத்திடலாமா, கெர்லிண்ட்?"

"நிறுத்தினா கிரேன் அடுத்த வசந்தத்துக்குத்தான். இன்னொரு குளிர்காலம் மழையும் பனியும் உள்ள இறங்கினா இந்தச் சுவர் வசந்தத்தைப் பார்க்காது."

"ஏத்தினா?"

"கோடை முழுக்க மெதுவா விரிஞ்சு நின்னுபோச்சுன்னா ஏத்தலாம். மேல பாரம் உட்கார்ந்தா சுவர் அடங்கும். ஆனா இந்த வாரம் விரிஞ்சிருந்தா, நீயும் உன் ஆளுங்களும் மேல நிக்கும்போதே..." முடிக்கவில்லை. "எப்ப உடைஞ்சது? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். அது தெரிஞ்ச ஆள் இந்த ஊர்லதான் இருக்கார்."

சாயங்காலம் தீயணைப்புக் கூடத்தில் பெண்கள் உருளைக்கிழங்கு சாலட்டுக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் வந்து அதையே கேட்டார். கோபமில்லாமல் கேட்டார். "யாரையும் தண்டிக்கக் கேட்கலை. கிழமை மட்டும் சொல்லுங்க." கத்திகள் நின்றன. யாரோ இருமினார்கள். பிறகு கத்திகள் மறுபடி ஓடின.

வெள்ளிக்கிழமை காலை கிரேன் வந்தது. மூடுபனி விலகவில்லை. முதல் உத்தரத்தைக் கட்டித் தூக்கினார்கள். தரையிலிருந்து முழ உயரத்தில் அது மெல்லச் சுழன்றது. ஹில்மார் சாரத்தின் ஏணியில் ஒரு காலை வைத்தார்.

"இறங்கு. நான் கை காட்டுற வரைக்கும் யாரும் ஏறக் கூடாது" என்றார் கெர்லிண்ட்.

பிறகு நடந்து போய் வடக்குச் சுவரடியில், விரிசலுக்கு நேர் கீழே, கல்லில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"கெர்லிண்ட், என்ன பண்றே?" என்றார் ஹில்மார்.

"காத்திருக்கேன்."

"அங்கேயா?"

"வேற எங்க? இது நான் பார்த்துக்கிட்ட சுவர்தானே."

யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்தார். கிரேன் ஓட்டி எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் எங்கோ மேலே ஒரு பொடிக்கல் உதிர்ந்து, சாரப் பலகையில் தட்டி, அவருடைய தோளருகே விழுந்தது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிறிஸ்டல் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். லோத்தாரின் தொப்பி அவர் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு பொடிக்கல்.

"ஞாயித்துக்கிழமை!" லோத்தார் கத்தினார். "அங்க நிக்காதீங்க, வந்துடுங்க! ஞாயித்துக்கிழமை உடைஞ்சது!"

கெர்லிண்ட் நகரவில்லை. "சனிக்கிழமை?"

"முழுசா இருந்தது. நானே பார்த்தேன். ஞாயித்துக்கிழமை காலைல பட்டை உடைஞ்சு, விரிசல்ல சுண்டுவிரல் நுழைஞ்சது. நான் ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை அதுவும் உடைஞ்சு கிடந்தது. மறுபடி ஒட்டினேன். வாத்தியக்குழு, பிள்ளைங்க, ஊர் முழுக்கச் சொல்லியாச்சு... ரெண்டு நாள் தாங்கிடும்னு நினைச்சேன். கடவுளே, வாங்க வெளியே!"

"மேல் பட்டை ரெண்டும் முழுசா இருக்கு. கீழ மட்டும் ஏன் உடையுது, லோத்தார்? கீழ என்ன இருக்கு?"

லோத்தாருக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். வேலியில் ஒரு பலகை சாய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரு பொந்து இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்துல. மழை உள்ள போகுதேன்னு... அடைச்சேன்."

"எதை வெச்சு?"

கிறிஸ்டல்தான் சொன்னாள், மெதுவாக: "எங்க கார்ஷெட்டுல மிச்சமிருந்த மூட்டை."

கெர்லிண்ட் சுவரைவிட்டு வந்தார். ஓடவில்லை, தூங்கும் குழந்தையின் பக்கத்திலிருந்து எழுந்து வருவது போல ஒவ்வொரு அடியாக வந்தார். லோத்தாரைத் திட்டவில்லை. எங்களுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. நேரே ஹில்மாரிடம் போனார்.

"இந்தக் கூரையில நீளமான உத்தரம் எதெல்லாம்?"

ஹில்மாருக்குப் புரிந்துவிட்டது. "கெர்லிண்ட். அதெல்லாம் அளவு பார்த்து, பொருத்துக் கொத்தி வெச்சிருக்கு."

"தெரியும். நான்தானே வரைஞ்சேன்."

"வெட்டினா திரும்ப ஒட்ட முடியாது."

"சுவரையும்தான். வெட்டு."

அரைமணியில் மேடையைப் பிரித்து எடுத்தோம். சுவரிலிருந்து நன்றாகத் தள்ளி, கயிறு கட்டித் தடுத்த இடத்துக்கு வெளியே, உத்தரங்களின் அடி ஊன்றக் குழி வெட்டினோம். ஹில்மார் முதல் உத்தரத்தில் ரம்பத்தை வைத்துவிட்டு ஒரு கணம் நின்றார். பிறகு அறுத்தார். கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாய்வாகச் சுவரில் முட்டுக்கொடுத்தது. ஒன்று. இரண்டு. கெர்லிண்ட் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் வழிகாட்டினார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. நான்காவது உத்தரம் காற்றில் இருந்தபோது அவர் சட்டென்று தலையைச் சாய்த்தார். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

"பின்னால போங்க. எல்லாரும். இப்பவே."

சுவரின் வெளித்தோல் வயிறு போல முன்னால் வந்தது. அவசரமே இல்லாமல். பிறகு முட்டு இல்லாத ஓரம் முழுவதும் ஒரே சரிவாக, மேடை இருந்த இடத்தில் இறங்கியது. வெள்ளைத் தூசி எழுந்து எங்களையும் முற்றத்தையும் மூடிக்கொண்டது. தூசிக்குள் உத்தரங்கள் முனகுவது கேட்டது. முனகிக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

தூசி அடங்கியபோது கோபுரம் நின்றது. ஒரு பக்கம் தோலுரிந்து, மூன்று உத்தரங்களின் மேல் சாய்ந்தபடி, நின்றது. நான்காவதையும் கெர்லிண்ட் ஊன்றவைத்தார்.

சனிக்கிழமை விழா இல்லை. ஆனால் சாலட் அண்டா அண்டாவாக இருந்தது. எனவே எல்லோரும் தீயணைப்புக் கூடத்துக்கு வந்து, பேசாமல் தின்றோம். பிள்ளைகள் வந்தபோது பெரியவர்கள் யாரும் அவர்கள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. ஹில்மார் தன் கோப்பையைக் குடித்தார். உடைக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கூரை ஏறட்டும்" என்றார்.

மதியம் கெர்லிண்ட் லோத்தாரைக் கூப்பிட்டார். முட்டுகளுக்கு அப்பால், கிழக்கு மூலைக்கு அருகே புதிதாக ஒரு விரிசல் மயிரிழையாக ஓடியிருந்தது. ஒரு ரப்பர் கிண்ணத்தில் ஜிப்சத்தைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, கரணையோடு அவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஒட்டுங்க. நல்லாவே ஒட்டுறீங்க. சில்லுன்னு இல்லாம இருந்திருந்தா, நான் ஒட்டினதுன்னே நினைச்சிருப்பேன்."

லோத்தார் ஒட்டினார். தேதி கீறினார்.

"உடைஞ்சா?" என்றார் கெர்லிண்ட்.

"கூப்பிடுறேன்."

"அன்னைக்கு விழா இருந்தா?"

லோத்தார் பட்டையின் ஓரத்தை விரலால் தேய்த்துச் சமமாக்கிக்கொண்டே இருந்தார். "விழா இருந்தாலும்."

தோலுரிந்த பக்கத்துக்குத் தார்ப்பாய் போட்டார்கள். உச்சிக்குத் தகரத்தில் தற்காலிகக் கூரை ஒன்றை ஹில்மார் மிச்சமிருந்த மரத்தில் அடித்துக்கொடுத்தார். காற்று அடித்தால் அது இரவும் பகலும் படபடத்தது. கெர்லிண்ட் அறுபதைத் தாண்டியவர். புதிதாக உத்தரம் வரைய ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார். எப்போது முடியும் என்று யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்காக விடாமல் பெய்தது. லோத்தார் காலையில் கோபுரத்துக்கு ஏறிவிட்டுத்தான் ரொட்டிக்கடைக்கு வருவார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ரொட்டியை வாங்குவோம். ஒருநாள் காலை அவர் நனைந்து சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். யாரிடமும் பேசாமல் ஃபோனை எடுத்தார். கடையில் யாரும் அசையவில்லை.

"ஃப்ராவ் யானெக்?"

"எவ்வளவு?" கெர்லிண்டின் குரல் கடை முழுக்கக் கேட்டது. கார்ச் சாவி குலுங்கும் சத்தமும் கேட்டது.

"இல்லை, இல்லை. உடையலை. உடையலைன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்."

மறுமுனையில் சாவியை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"தொட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். காஞ்சிருக்கு."

"சரி" என்றார் கெர்லிண்ட். "நாளைக்கும் கூப்பிடுங்க."