மிச்சத்தில் சிட்டி இல்லை

தேவராசாவின் மரக்கறி ஏற்றும் வானில் புதிதாக யார் ஏறினாலும் அவர் மனைவி சுசிலா முதலில் சொல்லுவது, "பயப்பிடாதேங்கோ, அது கத்தும்" என்பதுதான்.

அது என்றால் முன்கண்ணாடியில் ரப்பர் குமிழ்களால் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டி. ஒரு சவர்க்காரக் கட்டியளவுதான் இருக்கும். வேகத்தைப் பிடிக்கிற தெருவோரக் கமராவின் ரேடார் அலையை முன்கூட்டியே மோப்பம் பிடித்து "கீ, கீ, கீ" என்று கத்துவது அதன் தொழில். ஆனால் தேவராசாவின் பெட்டி கமராவுக்குக் கத்தியது குறைவு, கடைக் கதவுகளுக்குக் கத்தியதே கூட. சூப்பர்மார்க்கெட்டின் தானாகத் திறக்கிற கதவும் அதே மாதிரி அலையைத்தான் விடுகிறது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி பால் வாங்க உள்ளே போனால் போதும், தெருவில் போகிற வானுக்குள் அமளிதுமளி. தேவராசா உடனே அக்சிலேற்றரிலிருந்து காலைத் தூக்குவார். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிப்பான். "அடி, அடி. உன்ரை லைசன்ஸே போகுது?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்லுவார்.

லைசன்ஸ். அந்த மனிதருக்கு உயிரே அதில்தான் இருந்தது.

பதினைந்து வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு, மகள் துஷ்யா ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று 2001இல் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர் தேவராசா. ஜெர்மன் லைசன்ஸைக் கொடுத்து இங்கிலாந்து லைசன்ஸ் மாற்றி எடுத்தார். காலை மாற்றி எடுக்க வழி இருக்கவில்லை. வேகக் கட்டுப்பாடே இல்லாத பெருந்தெருக்களில் பழகிய வலது கால் அது. ஹீத்ரோவில் வந்து இறங்கும் மரக்கறியை டூட்டிங், அவர்கள் குடியிருந்த மிச்சம், பிளேஸ்டோ என்று கடைகடையாகக் கொண்டுபோய்ப் போடுவது வேலை. முருங்கைக்காய் வாடிவிடும் என்று ஒரு சாட்டும் கையில் இருந்தது. சொல்லவேண்டுமா? மூன்று தரம் கமராவில் பிடிபட்டு, தரத்துக்கு மூன்றாக லைசன்ஸில் ஒன்பது குற்றப் பொயின்ற் ஏறிவிட்டது. இன்னும் ஒரு தரம் பிடிபட்டால் பன்னிரண்டு. பன்னிரண்டானால் ஆறு மாதத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது. டூட்டிங் கடைக்காரர்களுக்கு இது போதாதா? "அண்ணை இருக்கிறதும் மிச்சம், லைசன்ஸில மிச்சமும் மூண்டுதான்" என்று பூசணிக்காயை இறக்கும்போதே தொடங்கிவிடுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது.

ஏன் என்று சுசிலாவுக்குத் தெரியும். வேலை போனால் வேறு வேலை, அதற்கெல்லாம் கலங்குகிற ஆள் இல்லை அவர். ஜெர்மனியில் அகதி மனு போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், பதிந்த மாவட்டத்தை விட்டு வெளியே காலடி வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. அவர் ஒரு மாவட்டம், அவருக்குப் பேசிவைத்திருந்த சுசிலா பக்கத்து மாவட்டம். இரண்டுக்கும் நடுவில் சோள வயல், தெருவோரத்தில் மாவட்டப் பெயர் எழுதின ஒரு மஞ்சள் அறிவிப்புப் போட். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பார், அவள் அந்தப் பக்கம் நிற்பாள். போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணியை அவள் எல்லைக்கு மேலாலே நீட்டுவாள். ஒருநாள் மழைக்கு அவளுடைய குடைக்குள் வந்து நின்றதற்கு, பொலிஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது.

கடைசியில் விசா கிடைத்தது. கலியாணத்துக்கு முதலே மனிதர் எடுத்தது லைசன்ஸ். சிநேகிதன் ஒருவனின் ஓட்டைக் காரை இரவல் வாங்கி, அவளை ஏற்றிக்கொண்டு, அந்த மஞ்சள் போட்டைத் தாண்டி அந்தப் பக்கம், திரும்பி இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம் என்று பெற்றோல் தீருமட்டும் ஓடினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் அழுதுகொண்டே ஓட்டினார்.

ஒன்பதாவது பொயின்ற் ஏறின அன்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான். "லைசன்ஸ் போச்செண்டால் நான் திருப்பியும் போட்டுக்கு இந்தப் பக்கம், சுசி." சுசிலா கோப்பையைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள்.

அடுத்த வாரம்தான் கறுப்புப் பெட்டி வந்தது. டூட்டிங்கில் போன் கடை வைத்திருந்த யோகராஜா எடுத்துக் கொடுத்தார். "எல்லாம் உள்ளுக்குப் புத்தகத்தில இருக்கு அண்ணை, வாசியுங்கோ" என்று சொல்லிவிட்டு வேறொருவனின் போனைக் கழற்றப் போய்விட்டார். புத்தகத்தை வாசித்தது துஷ்யா. பதினாறு வயது, வீட்டில் எந்தப் புது மெஷின் வந்தாலும் அவள்தான் அதற்குப் பொறுப்பு.

"அப்பா, இதில ரெண்டு செற்றிங் இருக்கு. ஹைவே, சிட்டி. ஹைவேயில விட்டால் எல்லாத்துக்கும் சென்சிற்றிவ். நீங்கள் சிட்டியில போடுங்கோ."

"சிட்டியோ? நாங்கள் ஏன் பிள்ளை சிட்டிக்குப் போறம்?"

இதைச் சொன்னவரை விசரன் என்று நினைக்கவேண்டாம். லண்டனுக்கு வந்த புதிதில் அவர் செய்தது கந்தோர் துடைக்கிற வேலை, பாங்குகள் அடுக்கடுக்காக நிற்கிற இடத்தில். அந்த இடத்துக்குப் பெயரே சிட்டி. கழுத்துப்பட்டி கட்டினவர்கள் எல்லாரும் "சிட்டியில் வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். மிச்சத்தையோ டூட்டிங்கையோ சிட்டி என்று ஒரு மனிதன் சொல்லி அவர் காதால் கேட்டதில்லை. நீங்களும் நானும் கேட்டோமா?

"அது பாங்க்காரருக்கெண்டு செய்த பட்டன்" என்றார். "எங்களுக்கு ஹைவேதான்."

"அப்பா! மிச்சம் என்ன ஹைவேயா?"

"ஹை எண்டால் பெரிசு. வே எண்டால் வழி. நான் பெரிய வழியாலதானே போறன்?"

"ஓ மை கோட்" என்று புத்தகத்தை மேசையில் போட்டுவிட்டுத் துஷ்யா மேலே போய்விட்டாள். பெட்டி ஹைவேயில் நின்றது.

அதன்பிறகு அந்த வானில் நடந்த கூத்தை என்னவென்று சொல்ல. பெற்றோல் ஷெட்டைக் கண்டால் கீ. மருந்துக்கடையைக் கண்டால் கீ. மிச்சத்திலிருந்து டூட்டிங் போவதற்குள் சின்னக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த மாதிரி ஓயாமல் அழும். தேவராசாவோ ஒவ்வொரு அழுகைக்கும் காலைத் தூக்கி, தெருவின் இரண்டு பக்கமும் கமராவைத் தேடுவார். "சும்மா கத்தாது. எங்கயோ ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்பார்.

இதில் வாங்கிக் கட்டியவள் சுசிலா. எப்சமில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவு ஷிப்ட். மாலையில் பஸ்ஸில் போவாள். காலையில் தேவராசா முதல் சுற்று மரக்கறியை இறக்கிவிட்டு வந்து ஏற்றுவார். வீட்டுக்குப் போனால் சமையல் கூப்பிடும், உடுப்புக் கூப்பிடும், போன் கூப்பிடும். எப்சமிலிருந்து வீடு வருகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் அவள் கண்ணுக்கு உரித்தானது. கறிவேப்பிலை வாசத்துக்குள் தலையைச் சாய்த்து, கண் சொக்கும்போது ஒரு கீ. திரும்பச் சொக்கும்போது இன்னொரு கீ.

ஒரு காலைநேரம் அவளால் தாங்க முடியவில்லை. இரவு முழுக்க ஒரு வயதுபோன பாட்டாவைத் தூக்கித் தூக்கிப் படுக்கவைத்துவிட்டு வந்திருந்தாள். "இஞ்சேருங்கோ, இந்தக் கண்டறியாத சாமானைக் கொஞ்சம் வாய் மூடச் சொல்லுங்கோவன்! தலை வெடிக்குது" என்றவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தேவராசா திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் சூப்பர்மார்க்கெட் வந்தது, போனது. சத்தமே இல்லை. பெற்றோல் ஷெட்டும் போனது. சுசிலா நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தாள். சிட்டி என்ற இடத்தில் சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்தது.

"என்ன, பாங்கில வேலை கிடைச்சிட்டுதோ?"

"ஓம், மனேச்சர் வேலை" என்றார் அவர். "நீர் படும்."

தன்னுடைய ஒரே காவலை அவளுடைய நித்திரைக்காக வாய் மூடவைத்துவிட்டு, அதைப் பகிடியாக்கிவிட்டு மனிதர் ஓட்டிக்கொண்டிருந்தார். சுசிலாவுக்கு அவர் கையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. கை கியரில் இருந்தது. கியரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே உறங்கிவிட்டாள்.

நல்ல காலம் கொஞ்ச நாள் நீடித்தது. சுசிலாவின் கண்ணடிக் கறுப்பு மறைந்தது. துஷ்யா "ஐ டோல்ட் யூ" என்று வீட்டுக்குள் நாலுமுறை சொல்லித் திரிந்தாள். புத்தகத்தில் இருந்தது சரிதான். கடைக் கதவுகளை விட்டுவிட்டு, உண்மையான கமராவுக்கு மட்டும், அதுவும் நன்றாகக் கிட்டப்போன பிறகு பெட்டி ஒரு சொல் சொல்லியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, நல்ல வெயில். சுசிலா வழியில் தன்பாட்டில் விழித்துக்கொண்டாள். எழுப்ப எந்தச் சத்தமும் இருக்கவில்லை. எஞ்சின்தான் வழமையைவிட இனிமையாகப் பாடிக்கொண்டிருந்தது. தேவராசாவும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் மலர்ச்சி. அவள் மணிக்கூட்டைப் பார்க்கக் கண்ணைத் திருப்பியபோது பக்கத்தில் இருந்த வேகமுள் தெரிந்தது. முப்பதில் போகவேண்டிய தெருவில் ஐம்பதைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கடவுளே. அந்தக் கால்! ஜெர்மன் கால் எங்கேயும் போகவில்லை. இத்தனை நாளும் அதைத் தூக்கிவைத்திருந்தது கமராவும் இல்லை, புத்தியும் இல்லை. பால் வாங்கப் போன கிழவிகள்தான். மருந்துக்கடைக் கதவுகள்தான். அவள் திட்டித் தீர்த்த அந்த விசர்ச் சத்தம்தான்.

அதோடு இன்னொன்றும் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. முந்தின நாள் பின்னேரம் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது, இந்தத் தெருவில், அந்த வளைவு தாண்டினதும், ஏணி வைத்து ஒரு மஞ்சள் கமராப் பெட்டியைக் கம்பத்தில் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

வளைவு வந்துவிட்டது. கறுப்புப் பெட்டி சிட்டியில் நிம்மதியாக இருந்தது.

"கீ! கீ! கீ! கீ!"

சுசிலாதான். தொண்டை கிழியக் கத்தினாள். கிறீச்சென்ற குரல், அந்தப் பெட்டியேதான் என்று சத்தியம் பண்ணலாம். தேவராசாவின் வலது கால் அவரைக் கேளாமலே எழும்பி பிறேக்கில் அமர்ந்தது. பின்னால் பூசணிக்காய்கள் உருண்டு வந்து முன்சீற்றின் முதுகில் மோதின. வான் குலுங்கி, முப்பதுக்குக் கீழே தவழ்ந்து, மஞ்சள் கமராவுக்கு முன்னால் நல்ல பிள்ளை மாதிரிப் போனது. வெளிச்சம் அடிக்கவில்லை. தாண்டின பிறகு, கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டி மெதுவாக ஒரேயொரு தரம் சொல்லிற்று, "கீ."

அடுத்த ஒழுங்கையில் ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்ரேறிங்கை விடாமலே தெரு மூலையைத் திரும்பிப் பார்த்தார். அந்த மஞ்சள் நிறத்தில் பழைய மஞ்சள் போட்டைத்தான் அவர் பார்த்திருக்கிறார் என்று சுசிலாவுக்குத் தெரிந்தது.

"ஏனப்பா கீ எண்டு கத்தினீர்? கமரா எண்டு சொல்லியிருக்கலாமே" என்றார்.

"கமரா எண்டால் எங்க எண்டு கேப்பியள். கீ எண்டால் கால் தன்பாட்டில தூக்கும்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பிடிபட்டிருந்தால், சுசி…"

"பிடிபடேல்லை." அவள் எட்டிப் பெட்டியின் பட்டனை அமத்தினாள். பச்சை வெளிச்சம் ஹைவேக்கு மாறியது.

"என்ன செய்யிறீர்? உமக்கு நித்திரை?"

"மிச்சத்தில எங்கயப்பா சிட்டி இருக்கு? நாங்கள் என்ன பாங்க்காரரோ?" என்றாள் சுசிலா. "ஹைவேயில விடுங்கோ. நான் இஞ்ச பக்கத்திலதான் இருக்கிறன். நீங்கள் ஓடுங்கோ."

வான் புறப்பட்டது. சூப்பர்மார்க்கெட் வந்தது. காலை நேரம், கதவுகள் திறந்து மூடித் திறந்து மூடி, பெட்டி பழையபடி தலைகால் தெரியாமல் கத்தத் தொடங்கியது. தேவராசா காலைத் தூக்கினார். பின்னால் எவனோ ஹோர்ன் அடித்தான். அவனை ஏசுவதற்கு வாயைத் திறந்தவர், பக்கத்தில் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அத்தனை சத்தத்துக்கும் நடுவில், தலை அவர் தோளில் சரிய, சுசிலா உறங்கிக்கொண்டிருந்தாள்.

"உஷ்" என்றார் பெட்டியைப் பார்த்து. "அவ படுத்திருக்கிறா."

அது கேட்கவில்லை. கத்திக்கொண்டே இருந்தது. அவர் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.