ஃபேன் ஓடியது, படம் போகவில்லை

2006 ஜூன் 16, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால் மணி. கடல்காற்று இன்னும் ஏறவில்லை. எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் மூட்டம் திருவொற்றியூரில் எங்கள் தெருவரை கவிந்திருந்தது. மனைவிக்கு மருந்து வாங்கிக்கொண்டு ராயபுரத்திலிருந்து திரும்பினேன். தெருமுனைக் கடையைவிட அங்கே பத்து சதவீதம் குறைவு.

அவள் படுத்த படுக்கையாகி மாதக்கணக்காகிவிட்டது. துபாயில் இருந்த மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை சர்வராகப் போட்டு, கேமராவையும் மாட்டிவிட்டால், அங்கே பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அம்மாவைப் பார்ப்பேன் என்றான். இருபத்தெட்டாயிரத்துக்குப் புது மெஷின் வாங்கச் சொன்னான். பார்க்கப்போவது ஒரே ஆள், அதுவும் அவனுக்கு லீவான வெள்ளிக்கிழமை மட்டும். அதற்கு எதற்குப் புதுசு என்று பழைய கம்ப்யூட்டர் விற்பவரிடம் போனேன்.

அவர் முதலில் ஸ்கிரீன் உடைந்த ஒரு லேப்டாப்பைக் காட்டினார்.

"கண்ணாடிதான் நைனா பூட்ச்சி. உள்ள ஷோக்கா கீது. பேட்டரி கீது, கரண்ட் போனாலும் நிக்காது."

சர்வருக்கு ஸ்கிரீன் தேவையில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் உடைந்த கண்ணாடியைக் கொண்டுபோக மனம் வரவில்லை. பழைய டெஸ்க்டாப்பை எடுத்தேன்.

"அப்ப உள்ள ஒரு பட்டன் செல் கீது, அத்த மாத்திக்கோ. தீர்ந்துபோற மாரி கீது. கரண்ட் போய் வந்தா பேஜார் பண்ணும்."

மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"மெதுவான்னா எப்ப, பேரன் கல்யாணத்துக்கா?" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் பதினொன்றரைக்கு மகன் கேமராவில் பார்க்க வருவான். கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஃபேன் சத்தம் கேட்டால் அவன் பார்க்கிறான் என்பது என் மனைவியின் கணக்கு. மின்சாரம் மிச்சமாகட்டும் என்று மானிட்டரை நான் அணைத்தே வைத்திருப்பேன்.

அன்று மருந்தோடு நான் நுழைந்தபோது அவள் முகமே தெளிந்திருந்தது.

"நடுவுல கரண்ட் போச்சுங்க. ஒடனே வந்துட்ச்சி. புள்ள பாத்துகினே இருந்தான். செவுத்தப் புட்ச்சிகினு நானே எழுந்து உக்காந்து காட்னேன்."

மூன்று மாதமாக யாராவது தூக்கிவிட்டால்தான் உட்காருவாள்.

மானிட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில், எஃப்-1 விசையை அழுத்தச் சொல்லி ஒரு வரி நின்றிருந்தது. செல் தீர்ந்துபோனதால், கரண்ட் வந்ததும் மெஷின் அந்த வரியோடு நின்றுவிட்டது. ஓடியது ஃபேன் மட்டும்தான். விசையை அழுத்தினேன். அதற்குள் அவன் எழுந்து போயிருந்தான்.

சாயங்காலம் போன் செய்து, ரொம்ப நேரம் காத்திருந்தும் படமே வரவில்லை என்றான்.

"இன்னாங்க சொல்றான்?" என்று படுக்கையிலிருந்து கேட்டாள்.

"நீ உக்காந்தத பாத்தானாம்."

"பாக்காம எங்க போவான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அவள் இல்லை.

காரியத்துக்கு வந்த மகனிடம் நடந்ததைச் சொன்னேன். எப்படி உட்கார்ந்தாள், எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாள் என்று கேட்டான். நானும்தான் பார்க்கவில்லையே. இன்றும் அந்தச் சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அவள் எந்த இடத்தைப் பிடித்து எழுந்திருப்பாள் என்று தேடுகிறேன். அவன் திரும்பிப் போன பிறகு அந்த பட்டன் செல்லை வாங்கி மாட்டினேன். விலை இருபது ரூபாய்.