வேவு பார்க்கும் கோள்

அறுபதுகளின் தொடக்கத்தில் வானொலி நிலையத்தின் தமிழ்ப் பிரிவில் நான் செய்தி மொழிபெயர்ப்பாளர். வயது இருபத்து நான்கு, வாய் கொஞ்சம் நீளம். நான் எழுதுவதை வாசிக்கும் அறிவிப்பாளரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் குரல் வந்தால் தேக்காச் சந்தையில் கடைக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். எழுதியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு.

அந்த வாரம் அவர் வேலை ஆட்டம் கண்டிருந்தது. தொழிற்சங்கத்தில் இருந்த அவருடைய தம்பியைச் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் அண்ணன் அங்கே போய்வருவதை யாரோ எங்கள் அதிகாரியின் காதில் போட்டுவிட்டார்கள். இப்படிப்பட்டவரை நம்பி ஒலிவாங்கியைக் கொடுக்கலாமா என்று மேலிடம் கேட்டதாம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிச் செய்தியை அதிகாரியே ஸ்டூடியோக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கப்போகிறார் என்றும், ஒரு சொல் பிசகினாலும் வேலை போய்விடும் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த யாரோ நான்தான். அண்ணன் ஏன் சனிக்கிழமை தாமதம் என்று அதிகாரி போகிறபோக்கில் கேட்டார். நானும் போகிறபோக்கில் சொல்லிவைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அதன் பிறகு உண்மையைச் சொல்லத் தைரியமும் இல்லை.

அன்று ஆறரை மணிக்குத் தொலையச்சு இயந்திரத்தில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்கா ராக்கெட் ஒன்றை ஏவியிருக்கிறது. அது கொண்டுபோன ராணுவச் சாதனம் பூமியைச் சுற்றிச் சுற்றி வந்து எதிரி நாட்டைப் படம் பிடிக்குமாம். அதுவரை வானில் சுற்றுவதையெல்லாம் செயற்கைச் சந்திரன் என்றே எழுதிவந்தோம். வேவு பார்க்கிற சந்திரன் என்றால் தேக்காவே சிரிக்கும். சந்திரனை அடித்துவிட்டு ‘வேவு பார்க்கும் செயற்கைக்கோள்’ என்று எழுதினேன். நல்ல சொல் கிடைத்துவிட்ட திமிர் வேறு.

அண்ணன் தாளை வாங்கி முணுமுணுத்துப் பார்த்தார். கடைசிச் சொல்லில் நின்று சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“பொருத்தமாத்தான் போட்டிருக்கீங்க. மேல நின்னு பாத்துட்டுக் கீழ கோள் சொல்றது. என்னைப் பத்திச் சொன்னவனையும் இதுல ஏத்தி அனுப்பிடலாம் லா.”

எங்கள் பிரிவில் தட்டச்சு செய்பவர்மேல்தான் அவருக்குச் சந்தேகம். மூன்று நாளாக அந்த மனிதரின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. இப்போது அந்த மனிதர் பக்கம் திரும்பி முறைத்தார். என்னால் தாங்க முடியவில்லை.

“அண்ணே, நான்தான் சொன்னேன்.”

சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏழு அடிக்க இரண்டு நிமிடம். அவர் தாள்களை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குள் போய் உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

முதல் மூன்று செய்திகளும் வழக்கம்போல் போயின. அடுத்தது ராக்கெட். “வேவு பார்க்கும் செயற்கை” என்றவர் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு விநாடியோ ஐந்து விநாடியோ, ஊர் முழுக்க வானொலிகளில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு விட்ட சொல்லை எடுத்து, கடைசிவரை தடுமாறாமல் வாசித்து முடித்தார்.

அந்த மௌனமே அதிகாரிக்குப் போதுமானதாக இருந்தது. அண்ணனைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். ஐந்து நிமிடத்தில் அண்ணன் வெளியே வந்து, வாசித்த தாள்களை வரிசை மாறாமல் என் மேசையில் வைத்தார்.

“வாசிச்சு முடிச்சப்புறம் சொல்லியிருக்கலாமே, தங்கச்சி.”

குரலில் கோபமே இல்லை. என் பாரத்தை இறக்கிவைக்க நான் பார்த்த நேரம் அது. அவருடைய பிழைப்பைப் பற்றி அந்த இரண்டு நிமிடத்தில் நான் நினைக்கவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் படியிறங்கிப் போன பிறகு அதிகாரி என் மேசைக்கு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து செய்தியை நீங்களே வாசியுங்கள் என்றார். நான் மறுக்கவில்லை. பதினோரு வருடம் வாசித்தேன்.