சாணை பிடித்த கெரிஸ்

தேர்தல் பறக்கும் படை எங்கள் ஆட்டோவை நிறுத்தியபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அடி அண்ணாமலையிலிருந்து வேங்கிக்காலுக்கு வீடு மாற்றிக்கொண்டிருந்தோம். அரிசி டப்பாவிலிருந்து மிக்ஸிவரை திறந்து பார்த்தார்கள். "ஓட்டுக்கு இன்னா, பழைய மிக்ஸியா குடுக்கப் போறோம்?" என்று கேட்டேன். என் வாய் அப்படி. அடுத்து அந்த வெள்ளைத் துணிச் சுற்றைப் பிரித்தார்கள்.

உள்ளே இருந்தது கெரிஸ். பாலித் தீவில் கோயில் சடங்குகளுக்கு எடுக்கும் கத்தி. எங்கள் பக்கத்து போர்ஷனில் குடியிருந்த பாலிப் பெண்ணுடையது. அப்பாவுக்கு நடக்க முடியாது, அவருக்குப் பதிலாக இதை மலை சுற்ற வைக்கிறேன் என்று சொல்லி, பௌர்ணமி தவறாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிரிவலம் போவாள். திடீரென்று ஊருக்குக் கிளம்ப வேண்டி வந்தபோது, திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

பிடியில் குத்துக்காலிட்ட ஒரு பூதம், அதற்குக் கீழே சிவப்புக்கல் வளையம், நெளிநெளியான அலகு. ஆனால் அவள் வீட்டாருக்கு முக்கியம் அதெல்லாம் இல்லை. கருத்த அலகில் வெள்ளிக் கம்பியாக ஓடும் கோடுகள்தான். ஒரு கெரிஸின் கோடு இன்னொன்றுக்கு வராது, எங்கள் வீட்டுக் கத்தியை அப்படித்தான் கண்டுபிடிப்போம் என்று சொல்லியிருந்தாள்.

அந்தக் கோடுகளை என் வீட்டுக்காரர் ஆயுத பூஜைக்குத் துடைத்து எடுத்துவிட்டார். ஆயுதம் என்று ஒன்று வீட்டில் இருக்க, பூஜை போடாமல் விட்டால் குற்றமாம். புளி போட்டுத் தேய்த்து, சாணைக்காரரிடம் கொடுத்துத் தீட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, ஆட்டோ முன்னால் ஸ்பேனரோடு வைத்துவிட்டார். நான் கத்தியதற்கு, "பளபளன்னு ஆயிட்சு பாரு, அந்தம்மா சந்தோஷப்படும்" என்றார். மனுஷனுக்கு மனசெல்லாம் நல்லதுதான்.

தேர்தல் நேரத்தில் ஆயுதம் என்று எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்ஸ்பெக்டர் கட்டைவிரலால் கூர் பார்த்தார். "சாமி கத்தின்ற. சாமிக்கு எதுக்குமா சாணை?"

அவள் முன்பு அனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன். அந்தப் பெண்ணின் அப்பா வெள்ளை உடுத்தி, இதே கத்தியை ஏந்தி நிற்கிறார். இன்ஸ்பெக்டர் படத்தையும் கத்தியையும் மாறிமாறிப் பார்த்தார். "படத்துல கருப்பா கோடு கோடா இருக்குது. இது வெள்ள வெளேர்னு இருக்குது. அது வேற, இது வேற."

"பிடியப் பாருங்க சார், அதே பூதம், அதே கல்லு."

"பொம்ம, கல்லெல்லாம் யாரு வேணா வெப்பான். கத்திக்கு சொந்தக்காரங்க பாத்து சொல்லட்டும், விட்டுடறேன். இல்லன்னா காலையில கோர்ட்டு."

அன்றைக்குப் பார்த்து பாலியில் வருஷப் பிறப்பு. அன்று தீவு முழுக்க மௌன விரதம், விளக்கு கிடையாது, வண்டி கிடையாது, போனில் நெட்டும் கிடையாது. முந்தின வருஷம் இங்கேயே அறையை இருட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதனால் எனக்குத் தெரியும். தெரிந்தும் பைத்தியக்காரி மாதிரி அவளுக்கு போன் அடித்துக்கொண்டே இருந்தேன். பெஞ்சில் என் வீட்டுக்காரர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கேஸ் விழுந்தால் ஆட்டோ போகும், மனுஷனும் உள்ளே போவார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மலையைப் பார்த்துத் திட்டினேன். உன்னைச் சுற்ற வந்த கத்திதானே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன் என்று அழுதேன்.

விடிந்ததும் அவள் போனை எடுத்தாள். போலீஸ் பிடித்து வைத்திருப்பதை மட்டும் சொல்லிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினேன். வீடியோவில் அவளும் அப்பாவும் தெரிந்தார்கள். இன்ஸ்பெக்டர் கத்தியைத் தூக்கிப் பிடித்தார். அவள் வாயைத் திறந்ததும், "நீ இரும்மா, பெரியவர் சொல்லட்டும்" என்றார்.

பெரியவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். வெளிச்சத்தில் திருப்பச் சொன்னார். மறுபக்கம் காட்டச் சொன்னார். அலகு முழுவதும் அந்தக் கோடுகளைத் தேடினார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் பாஷை எனக்குத் தெரியாது. கத்திக்குப் பக்கத்தில் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான் முடிந்தது. அவர் கத்தியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஏதோ சொன்னார்.

"எங்க வீட்டுதுதான், அப்பா சொல்றாரு" என்றாள் அவள்.

எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரரையும் விட்டு, கத்தியையும் கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்த பிறகும் போனை வைக்க மனமில்லை. அப்பாவுக்குக் கோடி புண்ணியம் என்று சொல்லும்மா என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்பாக்கு அது அடையாளம் தெரியல அக்கா. உங்களுக்காகப் பொய் சொன்னாரு. நம்ம கெரிஸ் எங்கன்னு இப்ப என்னைக் கேக்கறாரு."