சேனல் இரும்பில் நான் போட்ட ㄷ

பரண் சாய்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. மோட்டார்கள் அடுக்கியிருந்த இரும்புப் பரண், நடுவில் வளைந்து ஒரு பக்கமாகத் தொங்கிவிட்டது. கீழே யாரும் இல்லாதது கடவுள் புண்ணியம். பரண் சாய்ந்ததற்கு முழுக் காரணம் நான்தான். இதை எழுதக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மலேசியாவில், மேரு என்ற ஊரில் கொரியாக்காரர் ஒருவர் நடத்திய இரும்புப் பட்டறையில் நான் ஸ்டோர் சூப்பர்வைசர். எங்கள் எஞ்சினியர் மிஸ்டர் ஹான், இரும்பை எல்லாம் தம் மொழி எழுத்தாலேயே குறிப்பார். எல் வடிவ ஆங்கிள் என்றால் ㄱ. சதுரக் குழாய் ㅁ. ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் சேனல் என்றால் ㄷ. அது அவர்களுடைய மெய்யெழுத்து, ஏறக்குறைய நம் 'த்' மாதிரி ஒலிக்கும். "யூ ரைட் லைக் கொரியன்லா," என்று ஹான் ஒருநாள் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சேனல் வந்ததும் ஸ்டோரில் ஒவ்வொன்றாக அளந்து, கனம் சரியாக இருந்தால்தான் சாக்பீஸால் ㄷ போட வேண்டும். எழுத்து இல்லாத இரும்பை வெல்டர் தொடமாட்டார். எழுத்து இருந்தால் மறுபடி அளக்கமாட்டார்.

அந்தப் பரணுக்கான சேனல் வந்த அன்று லோரி தாமதம். மழை வேறு. கட்டாக வந்த சேனல்களைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, மேலே இருந்த இரண்டை மட்டும் அளந்தேன். மற்றவற்றின் முனையில் வரிசையாக ㄷ போட்டுத் தள்ளினேன். உள்ளே இருந்ததெல்லாம் கனம் குறைந்த சரக்கு. அதை வைத்துத்தான் வெல்டர் செல்வம் பரண் கட்டினான். பெயிண்ட் அடித்ததும் சாக்பீஸ் எழுத்து மறைந்துவிட்டது.

சாய்ந்த பரணை ஹான் அளந்து பார்த்துவிட்டுச் செல்வத்திடம் கத்தினார்.

"லெட்டர் அடா, பொஸ். ஐ சீ ஃபர்ஸ்ட், தென் வெல்ட்," என்றான் செல்வம். 'அடா' என்றால் மலாயில் 'இருந்தது'.

ஹான் என் பக்கம் திரும்பினார். "யூ சீ லெட்டர்?"

"நோட் ஷுர், பொஸ்," என்றேன்.

செல்வம் என்னைப் பார்த்தான். என் பெயரைச் சொல்லவில்லை. எழுத்தில்லாத இரும்பைத் தொட்டான் என்று மதியத்துக்குள் அவன் வேலை போய்விட்டது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் அவனுக்கு.

ஒரு வாரம் இழுத்தடித்தேன். கடைசியில் ஹானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியது எனக்கு உறைக்கவே இல்லை. செல்வத்தை மறுபடி வேலைக்குக் கூட்டி வரச் சொன்னார். செந்தூலில் அவன் ஃபிளாட்டுக்குப் போனேன்.

"உள்ள வாங்கண்ணே," என்றான். நான் வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"வேணாண்ணே. கிள்ளான்ல வேற இடத்துல சேர்ந்துட்டேன்."

"அன்னைக்கே என் பேர சொல்லியிருக்கலாம்ல செல்வம்?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அன்னைக்குப் பட்டறை கேட்டுக்கு வெளிய அரை மணி நேரம் நின்னு பாத்துட்டுதான் பஸ் ஏறுனேன்."

புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். அளக்காமல் எழுத்துப் போடாதீர்கள். போட்டுத் தொலைத்துவிட்டால், அப்போதே வாயைத் திறந்துவிடுங்கள். செல்வம் வெளியே நின்ற அந்த அரை மணி நேரமும் நான் ஸ்டோரில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.