சாமி தொட்ட பிள்ளை

என் வீட்டுக்காரர் டெரிக் ஏசி மெக்கானிக். மந்தைவெளி, அடையாறு பக்கம் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன்னுதான் சொல்வாங்க. கூட வாழ்ந்து பார்த்தாதானே தெரியும்! தூக்கத்துல பின்பக்கமா என் கை பட்டாக்கூட துள்ளி எழுந்து சுவரோரமா நிப்பாரு. மாதா கோயிலுக்கு வந்தா உள்ள வரமாட்டாரு, வெளியில பைக் பக்கத்துலயே நிப்பாரு. சாமியார் ஆகணும்னு ஃபாதருங்க நடத்துற ஹாஸ்டல்ல படிக்கப் போய்ப் பாதியில ஓடி வந்தவர். அந்த வெட்கமா இருக்கும்னு நானா ஒரு கதை கட்டி வச்சிருந்தேன்.

போன மாசம் எங்க பொண்ணுக்கு முதல் தடவை நற்கருணை அப்பம் வாங்குற புதுநன்மை விழா வந்துச்சு. அதுக்கு முன்னாடி பிள்ளைங்க ஒவ்வொண்ணா ஃபாதர்கிட்ட தனியாப் போய், செஞ்ச பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யணும். "என் பொண்ணு எந்த ஃபாதர்கிட்டயும் தனியா போகமாட்டா"ன்னுட்டாரு இவரு. ஏன்னு கேட்டா பைக்கை எடுத்துக்கிட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு. வெள்ளை கவுன் தைச்சாச்சு, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. எனக்கு வந்துச்சே கோபம்! பொண்ணைக் கூட்டிக்கிட்டு கோடம்பாக்கத்துல எங்கம்மா வீட்டுக்குப் போறேன், இனி வரவே மாட்டேன்னு பையைத் தூக்கிட்டேன். சும்மா மிரட்டல, நிஜமாவே போயிருப்பேன். என் மாமியார் ஃப்ளோரன்ஸ் அத்தையும் மகனைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க. சின்ன வயசுல உன்னைச் சாமியே தொட்டாரே, அதையும் உதறிட்டு வந்தே, இப்ப பிள்ளையையும் கெடுக்கிறியான்னு கேட்டாங்க.

அதைக் கேட்டதும் மனுஷன் அப்படியே தரையில உட்கார்ந்துட்டாரு. அப்புறம்தான் சொன்னாரு.

ஆறாவது படிக்கிறப்போ ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தவர், "சாமி என்னைத் தொட்டாரும்மா"ன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்காரு. அத்தை வீட்டுல ஃபாதரும் சாமிதான், கடவுளும் சாமிதான். ஆண்டவரே மகனைக் குருவா அழைச்சிட்டாருன்னு அத்தை எடுத்துக்கிட்டாங்க. கட்டிப்பிடிச்சு அழுது, தெருவுக்கே கேக் கொடுத்து, திரும்ப அதே ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க. பாவம், பத்தாவதுல ஓடி வர்ற வரைக்கும் அங்கேயேதான் கிடந்திருக்காரு.

"உனக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சுதான் நீ சந்தோஷப்படுறேன்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருந்தேம்மா."

பையைக் கீழே போட்டுட்டு அவர் முகத்துக்கு நேரா உட்கார்ந்தேன். கவுனும் வேணாம், விருந்தும் வேணாம். என் பொண்ணு யார்கிட்டயும் தனியா போகப்போறதில்லைன்னு நானே சொன்னேன்.

அத்தை மகன் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

"எந்தச் சாமிடா?"

"இதை நீ அன்னிக்கே கேட்டிருக்கலாம்மா"ன்னாரு டெரிக்.